ரோந்து கேட்கும் முன் ரசீதைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் நகர் ஏரிக்கரையை ஒட்டிப் புதிதாக எழுந்த பகுதி. அண்மையில் அடுத்தடுத்து மூன்று பூட்டிய வீடுகளில் திருட்டு. ஒரு சங்கிலிப் பறிப்பும் நடந்தது. ரோந்து கேட்டால் ஸ்டேஷனில் ஆள் இல்லை என்கிறார்கள். இளைஞர்களை வைத்து இரவுக் காவல் போடலாம் என்கிறார்கள் சங்கத்தில். ஆயிரக்கணக்கில் காவலர்களைத் தேர்வு செய்தும் எங்கள் பக்கம் ஏன் ஒருவரும் வருவதில்லை? என் மகனும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். தேர்வானால் இங்கேயே பணி கிடைக்குமா?

- குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த நான்கு சம்பவங்களுக்கும் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா, சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தானா? மனு வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சிதான் சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் குற்ற எண் விழும், புலன்விசாரணை தொடங்கும். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கு நடக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் ஏராளம்.

உங்கள் ரோந்துக் கோரிக்கைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் காவல் நிலையங்களை லைட், மீடியம், ஹெவி என்று தரம் பிரித்திருக்கிறார்கள். வழக்குச் சுமையும் அதில் ஓர் அளவுகோல். தரத்தைப் பொறுத்துத்தான் ஆள் ஒதுக்கீடு. நான்கு திருட்டு நடந்த தெருவுக்கு ஏட்டில் ஒரு வழக்குதான் என்றால், மேலதிகாரி பார்வையில் அது அமைதியான இடம். மனை விலை இறங்கிவிடும் என்று புகாரை அமுக்கப் பார்ப்பவர்கள் சங்கங்களிலேயே உண்டு. பதிவு கூடினால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அதைக் குற்றம் பெருகியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் வீட்டுத் திருட்டுக்குப் பிரிவு 305. பறிப்புக்கு 304 எனத் தனிப் பிரிவே வந்திருக்கிறது. புகாரை மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இனித் தடுப்பு. பூட்டிய வீட்டை அடையாளம் காண்பது எளிது: வாசலில் சேர்ந்த செய்தித்தாள், போடாத கோலம், வெளியே தொங்கும் பெரிய பூட்டு. ஊருக்குப் போகும்முன் ஸ்டேஷனில் எழுதிக்கொடுங்கள். ரோந்துக் காவலர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். ரோந்துக் காவலர் வந்து கையெழுத்திடும் பட்டா புத்தகம் எந்த முனையில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் தெருவில் இல்லையென்றால் வைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். சாவியைச் செருப்பு ஸ்டாண்டிலும் பூந்தொட்டியிலும் ஒளிக்காதீர்கள்; திருடன் முதலில் தேடும் இடங்கள் அவைதான். நகைக்கு ரசீதும் படமும் இல்லையென்றால், பொருள் மீட்கப்பட்டாலும் உங்களுடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

கேமரா போடுங்கள், ஆனால் எல்லாம் வீட்டு வாசலையே பார்த்தால் பயன் குறைவு. தெருவின் நுழைவிலும் திருப்பத்திலும், வண்டி நம்பர் தெரியும் உயரத்தில் வேண்டும். பதிவுப் பெட்டியைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். அதையே தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கேமராப் பதிவு சரியான நேரம் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

இரவுக் காவல் என்று இளைஞர்கள் கையில் கம்பு கொடுக்க வேண்டாம். 2018 மே மாதம், குழந்தை கடத்தல் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த மூதாட்டியை ஊரார் அடித்துக் கொன்றார்கள். தெரியாத முகமெல்லாம் திருட்டு முகம் அல்ல. காவல்துறையோடு சேர்ந்து இயங்கிய போலீஸ் நண்பர்கள் குழுவுக்கே சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பிறகு 2020இல் அரசு தடை விதித்தது. சந்தேகம் வந்தால் 100 அல்லது 112ஐ அழையுங்கள். பிடிப்பது, விசாரிப்பது உங்கள் வேலை அல்ல. பூட்டை உடைக்காமல் வங்கிக் கணக்கிலேயே கைவைக்கும் திருட்டுக்கு எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

தேர்வு விஷயம். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கும் எண்ணிக்கையில் சிறைக் காவலர், தீயணைப்போர் இடங்களும் கலந்திருக்கும். காவலராகத் தேர்வாகிறவர்களும் ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோ போவார்கள். சட்டம்-ஒழுங்கு நிலையத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். ஸ்டேஷனில் இருக்கிற ஆட்களையும் பந்தோபஸ்து, கோர்ட், சம்மன் என்று வேலைகள் இழுத்துக்கொள்ளும். இன்று வரும் அறிவிப்பால் அடுத்த மாதம் உங்கள் தெருவுக்கு ரோந்து வந்துவிடாது.

மகன் தமிழ்த் தகுதித் தேர்வை அலட்சியம் செய்ய வேண்டாம். அதில் 80 மதிப்பெண்ணில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் முதன்மை விடைத்தாளைத் திருத்த மாட்டார்கள். ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏறுதலும் உண்டு. அறிவிப்பு வரட்டும் என்று காத்திராமல் இப்போதே மைதானத்துக்கு அனுப்புங்கள். தேர்வானால் சொந்த ஊரில் பணி என்ற கணக்கை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இந்த வாரமே பாதிக்கப்பட்ட நால்வரையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், நான்கு குற்ற எண்களையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அவற்றை மனுவில் குறிப்பிட்டு ரோந்து கேளுங்கள். எண்ணோடு வரும் மனுவை ஒதுக்கிவைப்பது எந்த அதிகாரிக்கும் சிரமம்.