முறிவெழுத்தும் முகப்பெழுத்தும்

எழுத்து என்பது ஒலியின் வரிவடிவம். அவ்வடிவம் படிப்பதற்கு மட்டுமன்றிப் பார்ப்பதற்கும் உரியது என்பதற்கு, ஆங்கிலச் சான்றிதழ்த் தலைப்புகளும் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் முகப்புப் பெயரும் சான்றாகும். கறுத்துத் தடித்துக் கோணங்களாக நிற்கும் அவ்வெழுத்தை அச்சுத் துறையினர் 'பிளாக்லெட்டர்' என்பர். 'ஓல்டு இங்கிலீஷ்' அதன் ஒரு வகை.

இடைக்கால ஐரோப்பியர் அகன்ற முனையுடைய இறகால் தோலேட்டில் எழுதினர். தோல் அரியது, ஆதலின் எழுத்தை நெருக்கினர். வளைவை ஒரே வீச்சில் வரையாது முறித்து முறித்து எழுதியமையால் கோணங்கள் பிறந்தன. 'பிராக்டூர்' என்னும் ஜெர்மானிய வகையின் பெயருக்கே முறிந்தது என்பதுதான் பொருள். கூட்டன்பர்க் ஏறத்தாழ 1455இல் அச்சிட்ட விவிலியம் இக்குடும்ப எழுத்தால் ஆனது. ஜெர்மனியில் 1941இல் அரசாணை விலக்கும்வரை நூல்களிலும் இது வழங்கிற்று.

தமிழுக்கும் இதனோடு ஓர் உறவு உண்டு. தரங்கம்பாடிப் பாதிரிமாரின் அறிக்கைகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் இவ்வெழுத்திலேயே அச்சாயின. அந்நகரிலேயே தமிழ் அச்சுகளும் வார்க்கப்பட்டு, 1713இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியவை. தாளை மிகுதியாக விழுங்கின. எனவே அங்கேயே சிற்றெழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தனர். பார்வைக்குப் பெரிது, படிப்புக்குச் சிறிது என்னும் பாகுபாட்டைத் தேவையே கற்பித்தது.

அரபு எழுத்திலும் இந்நிலை காணலாம். கோணமும் கனமும் கொண்ட கூஃபி கட்டடங்களை அணிசெய்ய, நஸ்க் நூலெழுத்தாக நிலைத்தது. நம் கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டார நடுகற்களில் உள்ள வட்டெழுத்தோ வளைவே உயிராக உடையது. தமிழெழுத்தின் இயல்பு அது.

ஆகவே, முறிவெழுத்தின் கனத்தைத் தமிழில் ஏற்றும்போது எச்சரிக்கை வேண்டும். ணகரத்தையும் னகரத்தையும் பிரிப்பது ஒரு சுழியே. தடிப்பு மிகுந்து சுழி அடைபட்டால் மணம் மனமாகும். புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகும். ஆங்கிலத்திலும் இவ்வகையின் பெரிய எழுத்துகளை மட்டுமே கோத்து ஒரு சொல்லை அமைத்தால் படிப்பது அரிது. தலைப்பு, பட்டயம், அழைப்பிதழ் ஆகியவற்றில் இரண்டொரு சொல்லுக்கே இது பொருந்தும்.

மாணவர்களே! கள்ளக்குறிச்சிக் கடைவீதிப் பலகைக்கும் வெள்ளிமலை மருத்துவமனைப் பலகைக்கும் நோக்கம் ஒன்றன்று. முன்னது கண்ணை ஈர்த்தால் போதும். பின்னதையோ, குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த ஒரு மலைவாழ் சிறுமி, நோயுற்ற தாயின் கைப்பற்றி நின்று படிக்கக்கூடும். அவள் எழுத்துக் கூட்டும் வேளையில் அணி தடையாதல் தகாது. யார் படிப்பார், எங்கு நின்று படிப்பார் என எண்ணிய பின்னரே எழுத்தைத் தெரிவு செய்க.