சின்ஸா, ஃபாரா?

விடுப்புக் கடிதத்தில் நாம் ‘ஐ ஹேவ் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்’ என்று எழுதுகிறோம். சிவப்பு மை விழுகிறது. பெரியாற்று அணையை நினைத்துக்கொண்டால் தவறு வராது. 1886-இல் அணைக்கான நிலம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகையானது. (நம் பேத்திகள் காலத்திலும் முடியாது!) அது கால அளவு, ஆகவே ‘ஃபார்’. 1895-இல் அணை திறந்தது முதல் அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நம் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அது தொடக்கம், ஆகவே ‘சின்ஸ்’.

தமிழில் ‘அன்று முதல் ஓடுகிறது’ என்போம். அதனால்தான் ‘இஸ் ஃப்ளோயிங் சின்ஸ் 1895’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் அங்கே ‘ஹேஸ் பீன் ஃப்ளோயிங்’ என்றே வரவேண்டும். காய்ச்சலுக்கும் அப்படியே: ‘ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் டூ டேஸ்’, திங்களன்று தொடங்கியதென்றால் ‘சின்ஸ் மண்டே’.