விழித்திரை காட்டும் மின்குறிப்பு

பகலில் தெளிவாகக் காண்பவர் பொழுது சாய்ந்ததும் தடுமாறுவதை மாலைக்கண் என்கிறோம். இருள் பிரியுமுன் பால்மரம் சீவச் செல்வோருக்கு இதனால் நேரும் இடர் சிறிதன்று. ஆயினும் இக்குறை எல்லாருக்கும் ஒரே காரணத்தால் வருவதில்லை. காரணத்தைப் பிரித்தறிய உதவும் விழித்திரை மின்வரைவு என்னும் சோதனையைப் பற்றி இங்கு அறிவோம்.

கண்ணின் உட்புறத்தே, பின்பக்கம் அமைந்த மெல்லிய படலமே விழித்திரை. அதிலுள்ள கூம்பு உயிரணுக்கள் பகலொளியில் நிறங்களைக் காட்டுகின்றன. கோல் உயிரணுக்கள் மங்கிய ஒளியில் பணிபுரிகின்றன. ஒளி பட்டதும் விழித்திரையில் மின்மாற்றம் நிகழ்கிறது. சுவீடன் நாட்டு அறிஞர் ஹோல்ம்கிரென் 1865-இல் தவளையின் கண்ணில் இதனைக் கண்டார். 1877-இல் ஸ்காட்லாந்து அறிஞர் டியூவர் மனிதக் கண்ணிலும் இதனைப் பதிவு செய்தார்.

இம்மின்மாற்றம் மிகச் சிறியது. சில நூறு மைக்ரோவோல்ட் அளவினது. ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே மைக்ரோவோல்ட் ஆகும்.

சோதனைக்கு வருபவரின் கண்மணியை மருந்திட்டு விரியச் செய்து, அவரைச் சுமார் 20 நிமிடம் இருட்டில் அமர்த்துவர். பின்னர், மரப்புச் சொட்டு விட்டு, கருவிழியின்மேல் மெல்லிய மின்முனையைப் பொருத்துவர். ஒளியைப் பளிச்சிட்டதும் கருவி ஒரு கோட்டினை வரையும். மங்கிய ஒளிக்குக் கோல் உயிரணுக்களின் வழியே மறுமொழி எழும். விநாடிக்கு 30 முறை விட்டுவிட்டு வரும் ஒளிக்குக் கூம்புகளின் வழியே எழும்.

வைட்டமின் ‘ஏ’ குறைந்தால் கோல்களின் மறுமொழி தாழும். தக்க மருத்துவம் பெற்றால் மீண்டும் உயரும். பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு நோயிலோ, வெளிப்படையான மாற்றம் தெரியுமுன்பே மறுமொழி தாழ்வதுண்டு. வைட்டமின் தந்தாலும் அது மீள்வதில்லை. நெருங்கிய உறவில் மணந்தோரின் மக்களுக்கு இந்நோயின் சில வகைகள் வரும் வாய்ப்பு மிகுதி.

வரைவு ஒன்று மட்டுமே முடிவாகாது. குருதிச் சோதனையையும் குடும்ப வரலாற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு கூறுவார். ஆதலின், தாமாகவே வைட்டமின் மாத்திரைகளை உட்கொள்ளுதல் தகாது. மிகுந்தால் அதுவும் தீங்கே. முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை ஆகியவற்றை உணவில் சேர்த்தல் நன்று.

அந்திவேளையில் பிள்ளை சுவரைத் தடவி நடந்தால் குறும்பென்றோ விதியென்றோ வாளாவிருத்தல் கூடாது. காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பெற்றோர் கடனாகும்.