விலையா, பயனா? – பொம்மைப் பீரங்கி வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

பாடம் 6 – உரைநடை

நுழையும்முன்

கடையில் ஒரு பொருளைப் பார்த்தவுடன் நாம் முதலில் நோக்குவது அதன் விலைச்சீட்டை. அப்பொருள் எதற்குப் பயன்படும், எத்தனை நாள் உழைக்கும், பழுதானால் சரிசெய்ய இயலுமா என்னும் வினாக்கள் பெரும்பாலும் வீடு வந்த பிறகே எழுகின்றன. அவ்வினாக்களை வாங்கும்முன் எழுப்பக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம். மாணவர் விரும்பும் விளையாட்டுப் பொருள் ஒன்று இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

சிறுதேரின் வழியில்

தமிழர் வாழ்வில் விளையாட்டுப் பொருள்களுக்கு நெடிய வரலாறு உண்டு. சிறுவர் உருட்டி விளையாடிய மூன்றுகாற் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. தச்சர் செய்து தந்த விளையாட்டுத் தேரைப் பற்றிப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். பெரியோர் போருக்கும் விழாவுக்கும் ஊர்ந்த தேரைச் சிறுவர் சிறிதாக்கி விளையாடினர். இன்றைய சிறுவர் கையில் அத்தேரின் இடத்தைப் பிடித்திருப்பவற்றுள் ஒன்று, தொலைவிலிருந்து இயக்கும் பொம்மைப் பீரங்கி வண்டி.

பெங்களூரு அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில் வாழும் மாணவர்க்குப் படைத்துறை புதிதன்று. 1780இல் தோன்றிய மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் அல்சூர் ஏரியை ஒட்டியே உள்ளது. தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா, அஜேயா, அர்ஜுன் ஆகிய பீரங்கி வண்டிகள் உருவாக்கப்பட்டன. ஆதலால் இத்தகைய வண்டியின் சிறு வடிவத்தை இயக்கிப் பார்க்க ஒரு மாணவர் விரும்புவது இயல்பே. எதை வாங்குவது என்பதில்தான் சிந்தனை தேவைப்படுகிறது.

ஒரு சூழல்

ஜோகுபாளையத்துக் குறுந்தெரு ஒன்றில், இரண்டாம் மாடியில் வாழும் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உறவினர் அளித்த பணத்தைச் சேர்த்து அவர் 3,000 ரூபாய் வைத்திருக்கிறார். வீட்டில் நான்கு வயதுத் தங்கை இருக்கிறாள். கடையில் மூவகை வண்டிகள் உள்ளன. முதல் வகையின் விலை 1,200 ரூபாய், இரண்டாம் வகையின் விலை 8,000 ரூபாய், மூன்றாம் வகையின் விலை 25,000 ரூபாய் எனக் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். இரண்டாம் வகையை வாங்க வேண்டுமெனில் எஞ்சிய 5,000 ரூபாயைத் தந்தை தர வேண்டும். அது அவ்வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவாகவும் இருக்கலாம். எனவே இம்முடிவு விளையாட்டுப் பற்றியதே ஆயினும் விளையாட்டான முடிவன்று.

வேறுபாடு எங்கே உள்ளது?

வெளித்தோற்றத்தில் மூன்றும் பீரங்கி வண்டிகளே. வேறுபாடு உள்ளே இருக்கிறது.

முதலாவது, இயக்கம். பீரங்கி வண்டிக்குத் திருப்பும் சக்கரம் கிடையாது. இடப்புறச் சங்கிலிப் பட்டை விரைவாகவும் வலப்புறப் பட்டை மெதுவாகவும் சுழன்றால் வண்டி வலப்புறம் திரும்பும். இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் சுழன்றால் நின்ற இடத்திலேயே வட்டமிடும். மலிவான வண்டிகள் பலவற்றில் விசையை அழுத்தினால் முழுவேகம், விட்டால் நிறுத்தம் என்னும் இரு நிலைகளே உண்டு. தரமான வண்டியில் நெம்பியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே வேகம் கூடும். மெல்ல ஊர்ந்து மேடேறும் உண்மை வண்டியின் நடையை இதில்தான் காண இயலும்.

இரண்டாவது, பற்சக்கரம். மோட்டாரின் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுபவை பற்சக்கரங்கள். நெகிழிப் பற்சக்கரத்தின் பற்கள் கல்லும் மண்ணும் சிக்கினால் எளிதில் முறியும். உலோகப் பற்சக்கரம் நெடுநாள் உழைக்கும். இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நெகிழிப் பற்சக்கரம் உள்ள வண்டிக்கு அழகு கருதி உலோகச் சங்கிலிப் பட்டையை மாட்டுவோர் உளர். பட்டையின் எடை பற்களை விரைவில் முறித்துவிடும். முதலில் பற்சக்கரப் பெட்டியை மாற்றிய பின்னரே பட்டையை மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, அலைவரிசை. பழைய வகை மலிவுப் பொம்மைகள் 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசையில் இயங்குபவை. ஒரே அலைவரிசை கொண்ட இரண்டு வண்டிகளை அருகருகே ஓட்டினால் ஒருவரின் இயக்கி மற்றவரின் வண்டியையும் நகர்த்தும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் ஒவ்வோர் இயக்கியும் தன் வண்டியோடு மட்டும் இணைவதால் நண்பர் பலர் ஒன்றாக விளையாடலாம்.

நான்காவது, அளவு விகிதம். தரமான மாதிரி வண்டியின் பெட்டியில் அதன் விகிதம் குறிக்கப்பட்டிருக்கும். 1/16 என்பது பரவலாக வழங்கும் விகிதம். அஜேயா எனப்படும் டி-72 வண்டியின் அகலம் ஏறத்தாழ 3.59 மீட்டர். அதன் 1/16 மாதிரி ஏறத்தாழ 22 செ.மீ. அகலம் இருக்கும். மலிவுப் பொம்மைகள் பலவற்றில் விகிதம் குறிக்கப்படுவதில்லை. அவை பீரங்கி வண்டியைப் போன்றவை. குறிப்பிட்ட ஒரு வண்டியின் மாதிரி அல்ல.

எது மலிவு?

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,200 ரூபாய் வண்டி மூன்று மாதத்தில் பழுதாகிறது என்றும், அதற்கு உதிரிப் பாகம் கிடைப்பதில்லை என்றும் கொள்வோம். ஆண்டிற்கு நான்கு வண்டிகள் வாங்கினால் செலவு 4,800 ரூபாய். 8,000 ரூபாய் வண்டிக்கு ஐந்தாண்டுகளில் 2,000 ரூபாய்க்கு உதிரிப் பாகங்கள் வாங்கினால் மொத்தம் 10,000 ரூபாய். ஆண்டிற்கு 2,000 ரூபாய். இக்கணக்கின்படி விலை கூடிய வண்டியே மலிவு.

ஆயினும் இக்கணக்கு ஒன்றை மறைத்துள்ளது. ஐந்தாண்டுகள் அவ்வண்டியை ஓட்டுவோம் என அது முன்னரே முடிவு செய்துகொண்டது. ஒரு மாதத்தில் ஆர்வம் தணிந்து வண்டி பரணுக்குப் போய்விட்டால் அந்த ஒரு மாத விளையாட்டின் விலை 8,000 ரூபாய். ஆகவே பொருளின் ஆயுளை மட்டுமன்றி நம் ஆர்வத்தின் ஆயுளையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

சீன நாட்டு ஹெங் லாங் நிறுவனம் 1/16 விகித வண்டிகளை நெகிழிப் பற்சக்கரம் உடையவை, உலோகப் பற்சக்கரம் உடையவை எனப் பல படிகளில் தயாரிக்கிறது. ஜப்பானின் டாமியா நிறுவனம் பாகங்களைத் தொகுப்பாகத் தருகிறது. வாங்குபவரே அவற்றைப் பொருத்தி வண்டியை உருவாக்க வேண்டும். அத்தகைய தொகுப்பில் இயக்கியும் மின்கலமும் பெரும்பாலும் அடங்குவதில்லை. அவற்றின் விலையையும் முன்கூட்டியே கூட்டிக்கொள்ள வேண்டும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. வெளிநாட்டு விலையை மட்டும் கண்டு மகிழ்ந்தவர்க்கு உள்நாட்டு விலை வேறாகத் தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

வீடும் பாதுகாப்பும்

வாங்கும் பொருள் வாழும் இடத்திற்குப் பொருந்த வேண்டும். உலோகப் பட்டை கொண்ட வண்டி மாடி வீட்டில் ஓடினால் ஓட்டுத்தரை கீறும். கீழ்வீட்டாரின் உறக்கம் கெடும். மொட்டை மாடியோ மண்தரையோ உள்ளவர்க்கே அது ஏற்றது.

சில வண்டிகள் 6 மி.மீ. நெகிழிக் குண்டுகளைச் சுடும். அவை கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. குழந்தைகள் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. நான்கு வயதுத் தங்கை உள்ள வீட்டிற்கு ஒலியும் ஒளியும் மட்டும் தரும் வண்டியே தக்கது.

லித்தியம் மின்கலத்தை அதற்கெனத் தரப்பட்ட மின்னேற்றியால் மட்டுமே மின்னேற்ற வேண்டும். இரவு முழுவதும் மின்னேற விட்டு உறங்குதல் கூடாது. உப்பிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்துதல் தவறு. அதனைக் குப்பைத் தொட்டியில் இடாமல் மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.

முடிவு எட்டும் வழி

நம் மாணவர் என்ன செய்யலாம்? மூன்றாம் வகை அவருக்கு இப்போது தேவையில்லை. அதனைப் பேணும் பயிற்சியும் ஓட்டும் இடமும் அவரிடம் இல்லை. இதற்கு முன் இத்தகைய வண்டியை ஓட்டியிராதவர் எனில், நண்பரின் வண்டியைக் கேட்டு ஓட்டிப் பார்க்கலாம். அல்லது பாதுகாப்பு முத்திரை உள்ள முதல் வகையை வாங்கலாம். எஞ்சிய 1,800 ரூபாய் அவரிடமே இருக்கும். ஆறு மாதம் கழிந்தும் அந்த வண்டியை அவர் நாடுகிறாரா, பழுதான போது திறந்து பார்க்கும் ஆவல் எழுகிறதா என்பதைத் தாமே அறிந்துகொள்வார். எழுந்தால், மேலும் சேமித்து, உதிரிப் பாகம் கிடைக்கும் இரண்டாம் வகைக்குச் செல்லலாம். அப்போது தந்தையிடம் உதவி கேட்பதற்கும் அவரிடம் தக்க காரணம் இருக்கும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் வினா "என்ன விலை?" என்பதன்று. "இதன் பற்சக்கரமும் மோட்டாரும் தனியே கிடைக்குமா?" என்பதே. பெங்களூரு எஸ்.பி. சாலையில் மோட்டார், மின்கலம், இணைப்புக் கம்பி முதலிய மின்னணுப் பாகங்களை விற்கும் கடைகள் நிறைந்துள்ளன. திருகாணியைக் கழற்றிப் பழுதைத் தேடி, பாகத்தை மாற்றி, மீண்டும் வண்டியை ஓடச் செய்பவர் வாங்கியபோது கிடைத்ததைவிடப் பெரிய மகிழ்ச்சியை அடைவார். பொறியியலின் முதற்பாடமும் அங்கே தொடங்கும்.

தெரிந்து தெளிவோம்

• 2021 சனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகள் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருத்தல் கட்டாயம். மின்னாற்றலால் இயங்கும் பொம்மைகளுக்குரிய தரக் குறியீடு ஐ.எஸ். 15644.

• பெட்டியில் "14 வயதுக்கு மேற்பட்டோருக்கு" என அச்சிடப்பட்டிருந்தால், அப்பொருள் சிறுவர் பொம்மையாகக் கருதப்படவில்லை எனப் பொருள். பெரியோர் துணையின்றி அதனைச் சிறுவர் இயக்குதல் கூடாது.

• பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள சன்னபட்டணம் மரப்பொம்மைகளுக்குப் புகழ்பெற்றது. வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் பூசிச் செய்யப்படும் அப்பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை.

சொல்லும் பொருளும்

ஊர்தல் – ஏறிச் செல்லுதல், மெல்ல நகர்தல்
நெகிழி – பிளாஸ்டிக்
பற்சக்கரம் – பற்கள் உடைய சக்கரம்
நெம்பி – இயக்கியில் விரலால் நகர்த்தும் குச்சி
பரண் – வீட்டில் பொருள்களை இட்டுவைக்கும் மேல்தட்டு
பேணுதல் – பாதுகாத்தல்

இலக்கணக் குறிப்பு

சிறுதேர் – பண்புத்தொகை
ஒலியும் ஒளியும் – எண்ணும்மை
உப்பிய மின்கலம் – பெயரெச்சம்
கழற்றி, தேடி, மாற்றி – வினையெச்சங்கள்

பயிற்சி

அ) பிரித்து எழுதுக.
1. பற்சக்கரம்  2. மின்னேற்றி  3. ஓரிடம்

ஆ) ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பீரங்கி வண்டி நின்ற இடத்திலேயே வட்டமிடுவது எவ்வாறு?
2. உலோகப் பட்டையை மாட்டும் முன் எதனை மாற்ற வேண்டும்? ஏன்?
3. ஒரே அலைவரிசையில் இயங்கும் இரு வண்டிகளால் நேரும் இடர் யாது?

இ) கணக்கிட்டு விடை காண்க.
நீளத்தில் 1/16 பங்காகச் சிறுத்த பொருளின் பருமன் 1/4096 பங்காகும் (16 × 16 × 16 = 4096). டி-72 வண்டியின் எடை ஏறத்தாழ 41,000 கி.கி. எனில், அதே பொருள்களால் செய்த 1/16 மாதிரியின் எடை எவ்வளவு இருக்கும்? நெகிழி மாதிரி இதனினும் எடை குறைந்திருப்பது ஏன்?

ஈ) விரிவான விடை தருக.
"பொருளின் ஆயுளை மட்டுமன்றி நம் ஆர்வத்தின் ஆயுளையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்." இக்கருத்தை உம் வீட்டில் வாங்கிய ஒரு பொருளோடு பொருத்தி எழுதுக.

உ) கடிதம் எழுதுக.
நீர் விரும்பும் பொருள் ஒன்றை வாங்கித் தருமாறு வெளியூரில் பணிபுரியும் தந்தைக்கோ தாய்க்கோ கடிதம் எழுதுக. அதன் பயன், விலை, உம் சேமிப்பு, பழுது நீக்கும் வழி ஆகிய நான்கும் கடிதத்தில் இடம்பெற வேண்டும்.

செயல்பாடு

திருக்குறளில் "தெரிந்துசெயல்வகை" என்னும் 47ஆம் அதிகாரத்தைப் படித்து, இப்பாடக் கருத்தோடு ஒத்துவரும் குறள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரணத்துடன் வகுப்பில் பேசுக.