நெடுவழி நடப்போர்க்கு ஓர் ஆற்றுப்படை



‘ஆற்றுப்படை’ என்னும் சொல்லை மேல்வகுப்பு மாணவர்கள் அறிவீர்கள். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியிற் செலுத்துதல். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனுக்கு வழிகூறி அனுப்புவது ஆற்றுப்படை எனப் பாடநூல்கள் கூறும்; பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடும். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தைப் படிப்போர்க்குப் பரிசிலைவிட வழியே பெரிதாகத் தோன்றும். 583 அடிகள் கொண்ட இந்நூலைப் பெருங்கௌசிகனார் பாடினார். நன்னன் என்னும் தலைவனின் செங்கண்மா நகருக்குக் கூத்தர் கூட்டம் ஒன்று மலைவழியே செல்கிறது. செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம்.

புலவர் கூறும் அறிவுரைகளைப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும். ஆகவே பொழுது புலர்ந்தபின் நடங்கள். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள். மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள். பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் கொடிகளைப் பற்றிக்கொள்ளுங்கள். இரவானால் குகையில் தங்குங்கள். வழி தவறினால் அலையாமல் அகன்ற பாறையில் ஏறி உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். கானவர் கேட்டு வந்து வழி காட்டுவார்கள். வழி பிரியும் இடங்களில், பின்னால் வரும் புதியவர் அறியுமாறு புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள்.

வழி பிரியும் இடத்திற்குச் சங்கத் தமிழில் ‘கவலை’ என்று பெயர். இன்று அச்சொல் மனவருத்தத்தைக் குறிக்கிறது. எந்த வழி எனத் தெரியாமல் நிற்பவர்க்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

இனி நம் வீட்டுக்கு அருகே வருவோம். நியூ ஜெர்சியின் வடமேற்கில் கிட்டட்டின்னி மலைத்தொடர் உள்ளது. எடிசன் நகரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்திற்குள் அதன் தென்முனையாகிய டெலவேர் நீர்க்கணவாயை அடைந்துவிடலாம். அம்மலையின் முதுகின்மேல் அப்பலாச்சியன் நெடும்பாதை செல்கிறது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலைவரை 14 மாநிலங்கள் வழியாக 2,190 மைலுக்குமேல் நீளும் காலடிப்பாதை அது. பென்டன் மக்காய் என்பவர் 1921இல் இக்கருத்தை முன்வைத்தார். 1923இல் நியூயார்க்கின் கரடி மலைப் பகுதியில் முதல் துண்டு திறக்கப்பட்டது. 1937இல் பாதை முழுமை பெற்றது. பாதையைப் பேணுவோரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்களே. நியூ ஜெர்சிக்குள் அதன் நீளம் ஏறத்தாழ 72 மைல்.

அப்பாதை நெடுகிலும் மரங்களில் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் உள்ள வெள்ளைப் பட்டை தீட்டப்பட்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரு பட்டைகள் இருந்தால் பாதை திரும்பப்போகிறது, விழிப்பாக இரு என்று பொருள். நீலப் பட்டை கிளைவழியைக் காட்டும். அது நீர்நிலைக்கோ தங்கும் குடிலுக்கோ காட்சிமுனைக்கோ கொண்டுசெல்லும். இவை புல் முடிந்து வைத்த அடையாளத்தின் உடன்பிறப்புகள் அல்லவா?

நம் பிள்ளைகளுள் பலர் சாரணர் குழுவுடன் இப்பாதையில் நடந்துள்ளனர். பெற்றோருள் மிகச் சிலரே அதை மிதித்திருப்பர். கார் இருக்க ஏன் நடப்பது என்பது ஒரு கேள்வி. கரடி வந்தால் என்ன செய்வது என்பது அடுத்தது. முதற் கேள்வியைக் கேட்கும் தலைமுறைதான் ஊரில் மூன்று மைல் நடந்து பள்ளிக்குச் சென்றது என்பதை இங்கு நினைவூட்டி மேலே செல்கிறோம். பதினெட்டு வயதில் பிள்ளைகள் கல்லூரிக்குப் புறப்பட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வீட்டில் இருப்பது இன்னும் ஆறு கோடைகளே. அவற்றுள் எத்தனை நாள்கள் பெற்றோரும் பிள்ளையும் ஒரே வரைபடத்தைக் குனிந்து பார்க்கப்போகின்றனர் என்பதே நம் கேள்வி. திட்டமிடுவது நடப்பதில் பாதி. அந்தப் பாதியை வீட்டு மேசையில், தமிழிலேயே செய்யலாம்.

வயதைக் காரணம் காட்டுவோர்க்கு ஒரு செய்தி. எம்மா கேட்வுட் என்னும் ஒஹையோ மாநிலத்துப் பாட்டி, பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், 1955இல் தம் 67ஆம் வயதில் இப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். துணிக்காலணி அணிந்து, தாமே தைத்த பையைத் தோளில் இட்டு, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலையைப் போர்த்துக்கொண்டு நடந்தார். விலையுயர்ந்த பொருள்களை முதலிலேயே வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று.

முதல் நடைக்கு நாம் பரிந்துரைப்பது சன்பிஷ் குளம். நீர்க்கணவாயிலிருந்து டன்பீல்டு ஓடையை ஒட்டி வெள்ளைப் பட்டையைத் தொடர்ந்தால் 3¾ மைலில் அக்குளத்தை அடையலாம். பனிக்கட்டி ஆறு குடைந்து உண்டாக்கிய மலைக்குளம் அது. 1960களில் மின்நிறுவனங்கள் அதை நீர்மின் தேக்கமாக்க முனைந்தன. மக்கள் எதிர்த்தனர், 1967இல் உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அவர்களோடு குளம்வரை நடந்தார். குளம் தப்பியது. கால்நடையால் காக்கப்பட்ட குளம் என்று சொன்னால் மிகையாகாது.

இந்நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 1892இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்னும் மலையேறி ஓர் எளிய விதியைத் தந்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி. குளத்திற்குச் செல்ல ஏற்றம் ஏறத்தாழ 1,000 அடி. தொலைவுக்கு 1 மணி 15 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், ஆக 1 மணி 45 நிமிடம். இது பழகிய கால்களுக்கு உரிய கணக்கு. சிறுவரும் பெரியவரும் கலந்த குடும்பம் ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்வது நல்லது. செல்ல ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம். இறக்கமாகத் திரும்ப 1 மணி 50 நிமிடம். ஆக நடை மட்டும் நாலரை மணி. உணவுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி சேர்த்தால், காலை 9 மணிக்குப் புறப்பட்டவர் 2:30க்குக் காருக்குத் திரும்பலாம்.

நீருக்கும் கணக்கு உண்டு. ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் எனில் நாலரை மணிக்கு 2¼ லிட்டர். நால்வருக்கு 9 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஆகவே ஏறத்தாழ 20 பவுண்டு எடையை நால்வரும் பகிர்ந்து சுமக்கவேண்டும். அப்பா ஒருவரே தூக்கட்டும் என்பது திட்டமாகாது. மலையில் காணும் நீரை வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ பருகக் கூடாது.

வழியுணவுக்குத் தமிழில் ‘ஆற்றுணா’ என்று பழஞ்சொல் உண்டு. நம் பாட்டிமார் கட்டுச்சோறு என்பர். புளி சேர்ந்ததால் கெடாத புளியோதரையை வெல்ல இன்னும் ஒன்று வரவில்லை என்பது நம் கருத்து. கரடி நம்மைத் தேடி வருவதில்லை, இந்தப் புளியோதரையைத்தான் தேடி வரும். ஆகவே இரவு தங்கும் இடங்களில் உணவைக் கூடாரத்துக்குள் வைக்காமல், அங்குள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும். நடக்கும்போது பேசிக்கொண்டே நடந்தால் கரடி தானே விலகும். எதிர்ப்பட்டால் ஓடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். உண்மையில் அஞ்சவேண்டியது கரடியைவிடச் சிறிது: மான் உண்ணி. கனெக்டிகட் மாநிலத்து லைம் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் நோயை அது பரப்புகிறது. நீளக் காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமயிர் ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பதும் கட்டாயம்.

ஓராண்டு இவ்வாறு பழகிய குடும்பம் 72 மைல் முழுவதையும் கருதலாம். ஒரே மூச்சில் வேண்டாம். நீர்க்கணவாயிலிருந்து கல்வர்ஸ் கணவாய்வரை ஏறத்தாழ 28 மைல். அங்கிருந்து சன்ரைஸ் மலைமீது ஹை பாயின்ட் பூங்காவரை 14 மைல். பின்னர் பாதை கிழக்கே திரும்பி, வால்கில் ஆற்றுச் சமவெளியையும் பொச்சக் சதுப்பின் நீண்ட மரப்பாலத்தையும் கடந்து, வவயாண்டா மலையேறி நியூயார்க் எல்லையை அடைய 30 மைல். ஒரு நாளைக்கு 9 மைல் எனில் எட்டு நாள். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் ஆகிய திங்கள்களில் ஒவ்வொரு சனிக்கிழமை என்று வைத்தால் இரண்டு ஆண்டில் நிதானமாக முடியும். இரு குடும்பங்கள் சேர்வது நன்று. ஒரு காரை முடிவிடத்தில் நிறுத்திவிட்டு மற்றொரு காரில் தொடக்கத்துக்குச் செல்லலாம்; வந்தவழியே திரும்பவேண்டியதில்லை. இம்மாநிலப் பகுதியில் குறித்த இடங்களில் மட்டுமே இரவு தங்கலாம். பாதையில் தீ மூட்டுவதற்குத் தடை உண்டு.

விடுமுறையில் உறவினரைக் காணச் செல்வோர் அங்கும் நடக்கலாம். ஹூஸ்டனுக்கு வடக்கே சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டில் லோன் ஸ்டார் நடைபாதை, கிளைவழிகளுடன் 128 மைல் செல்கிறது. டெக்சாஸ் வெயிலை எண்ணிக் குளிர்காலத்தைத் தேர்க. ஆனால் அதுவே மான் வேட்டைக் காலமும் ஆதலால் பளிச்சிடும் ஆரஞ்சு நிற உடை வேண்டும். கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியைச் சுற்றி மலைமுகட்டுப் பாதை ஒன்று 550 மைலுக்குத் திட்டமிடப்பட்டு, 400 மைலுக்குமேல் திறக்கப்பட்டுள்ளது. அதே வட்டாரத்தில் தைப்பூசத்தை ஒட்டிச் சான் ரமோன் பகுதியிலிருந்து கான்கார்ட் நகரின் சிவ முருகன் கோயிலுக்குத் தமிழர் நடந்து செல்கின்றனர். செட்டிநாட்டிலிருந்து பழனிக்கும், யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கும் நடந்தோரின் வழக்கம் இங்கும் வந்து கால் ஊன்றியிருக்கிறது.

நெடுந்தொலைவுத் திட்டமாக நாம் முன்வைப்பது புகாரிலிருந்து மதுரைக்கு உள்ள வழி. சிலப்பதிகாரத்தில் கோவலன் திட்டம் எதுவுமின்றி விடியுமுன் புறப்பட்டவன். சிறிது தொலைவிலேயே களைத்த கண்ணகி, மதுரை எங்குள்ளது எனக் கேட்கிறாள். முப்பது காதம்தான், அருகில்தான் என்று சொல்லி அவன் நகைக்கிறான். திட்டமிட்டவர் கவுந்தியடிகளே. சோலைவழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூந்தாது மூடியிருக்கும், கீழே பார்த்து நடந்தால் பலாப்பழத்தில் தலை மோதும், வயல்வழியே சென்றால் நத்தையும் நண்டும் காலடியில் மிதிபடும் என ஒவ்வொரு வழியின் குறையையும் அவர் முன்னரே ஆராய்கிறார். நடந்த நாள்களில் ஒரு காதத்துக்குமேல் அவர்கள் நடக்கவில்லை. இடையிடையே பல நாள் தங்கினர். கொடும்பாளூரை அடுத்து வழி மூன்றாகப் பிரிய, மூன்றின் இயல்பையும் கூறும் மறையோன் ஒருவன் எதிர்ப்படுகிறான். பாண்டி நாட்டில் வெயில் தாங்காமல் இரவில் நடக்கின்றனர். இளங்கோவடிகள் நமக்குத் தந்திருப்பது ஒரு நடைப்பயணக் குறிப்பேடும் ஆகும்.

இன்று பூம்புகார், மயிலாடுதுறை, கும்பகோணம், திருவையாறு, திருவரங்கம் என்று காவிரியை ஒட்டி நடந்தால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து விராலிமலை, கொடும்பாளூர் வழியாக மதுரைக்கு ஏறத்தாழ 130. நாளொன்றுக்கு 18 கிலோமீட்டர் எனில் முற்பாதி எட்டு அல்லது ஒன்பது நாள், பிற்பாதி எட்டு நாள். நம் டிசம்பர் விடுமுறையில் இரண்டும் அடங்கா. ஓராண்டில் திருச்சிவரையும் மற்றோர் ஆண்டில் மதுரைவரையும் செல்வதே தகும். டிசம்பர் இறுதியில் வெயில் குறைவு, வயல்கள் பசுமை. மழை எஞ்சியிருக்கக் கூடும். கோடை விடுமுறையில் செல்வோர் கவுந்தியடிகளைப் போல் வெயிலுக்குமுன் நடையை முடிக்கட்டும். நெடுஞ்சாலையில் பேருந்துகளின் வேகம் கடியது. கரையோரச் சிற்றூர்ச் சாலைகளையே தேர்க. தாத்தா பாட்டியைக் கேட்டால் எந்த ஊரில் எவர் வீட்டுத் திண்ணை கிடைக்கும் என்பதையும் சொல்வார்கள்.

மாணவர்க்குப் பயிற்சி: நீர்க்கணவாயின் அருகே டாமனி மலையைச் சுற்றிவரும் பாதை 3½ மைல்; ஏற்றம் 1,200 அடி. டிசம்பர் இறுதியில் கதிரவன் மாலை நாலரைக்கு மறைகிறான். குடும்பத்துக்கு உரிய ஒன்றரை மடங்குக் கணக்கின்படி, ஒரு மணி ஓய்வும் சேர்த்து, மறைவுக்கு ஒரு மணி முன்பே கீழிறங்க எத்தனை மணிக்குள் புறப்படவேண்டும்? ஐவருக்கு எவ்வளவு நீர் வேண்டும்? விடையைப் பெற்றோருடன் சேர்ந்து கணக்கிடுக. பின்னர் அங்குச் சென்றுவந்து, அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் கீழ்வகுப்பு மாணவனுக்கு வழி கூறுவதுபோல் பத்து வரிகள் எழுதுக. எங்கு வழுக்கும், எங்கு வழி பிரியும் என்பவை அவற்றுள் இடம்பெற வேண்டும்.