அவன் யாரு சார்?

தமிழ்வழிப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, 31 வருடம் அதே வேலை பார்த்தவன் சொல்கிறேன். பத்தாம் வகுப்பின் முதல் உரைநடையையே எடுத்துக்கொள்வோம்: அயர்லாந்து எழுத்தாளர் லியாம் ஓ'ஃப்ளாஹர்ட்டியின் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. பறக்கப் பயந்து பாறையில் தனியே நிற்கும் கடற்காகக் குஞ்சின் கதை.

1. நோட்ஸ் ஆஃப் லெசன் எழுதுமுன் பாடத்தை இரண்டு தடவை படியுங்கள். முதலில் கதைக்காக. பிறகு கையில் பென்சிலோடு, கடைசி பெஞ்சுப் பிள்ளையாக. தலைப்பிலேயே தடுக்கும். நம் மொழியில் பறவை 'அது'. இங்கே குஞ்சு 'ஹி', தாய் 'ஷி'. ஒருமுறை பாதிப் பாடம் நடத்திய பிறகு ஒரு பையன் எழுந்து, "அவன் யாரு சார்?" என்றான். கதைக்குள் யாரோ ஒரு சிறுவன் இருப்பதாக அதுவரை தேடிக்கொண்டிருந்திருக்கிறான். அருஞ்சொற்பொருள் பட்டியலில் 'ஹி' என்ற சொல் இருக்காது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2. எல்லாச் சொல்லுக்கும் பொருள் எழுதிப் பலகையை நிரப்பாதீர்கள். துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, ஒரு பக்கத்தில் 100 சொல்லுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்லறிவு ஆய்வாளர் பால் நேஷனின் கணக்கு. நம் பிள்ளைகளுக்கு அந்தத் தூரத்தைப் பட்டியல் போட்டுக் கடக்க முடியாது. எந்தச் சொல் இல்லாவிட்டால் கதை நின்றுவிடும் என்று பாருங்கள். 'லெட்ஜ்' அப்படிப்பட்டது. அகராதி வேண்டாம், ஜன்னலுக்கு மேலே புறா உட்காரும் சன்ஷேடைக் காட்டுங்கள். அங்கிருந்து கீழே பார்த்தால் வயிறு கலங்கும் என்பது அவர்களுக்கே தெரியும். 'ஹெர்ரிங்' ஒரு மீன், அவ்வளவு போதும்.

3. நீண்ட வாக்கியங்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள். 'தாயின் காலடியில் கிடந்த மீன்' என்கிறோம். மீன் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் மீன் முதலில் வந்துவிடும், எங்கே கிடந்தது என்பது அதன் பின்னால் வரும். பிள்ளை குழம்புவது சொல்லால் அல்ல, இந்தத் தலைகீழ் வரிசையால். அப்படிப்பட்ட இரண்டு வாக்கியங்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, ஆளுக்கொன்று கொடுத்து, வரிசையாக வந்து நிற்கச் சொல்லுங்கள்.

4. தமிழ் கூடாது என்று சொல்லமாட்டேன். வரிக்கு வரி தமிழில் சொல்வதுதான் கூடாது. சொல்லிவிட்டால் ஆங்கிலத்தைப் படிக்க யாருக்கும் காரணமே இருக்காது. பாடத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் தாராளமாகத் தமிழில் பேசவிடுங்கள். கிணற்றில் முதன்முதலாகக் குதித்தது எப்போது, யார் தள்ளிவிட்டது என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே எழுந்து நிற்கும். அந்தப் பயத்தோடு புத்தகத்தைத் திறந்தால் குஞ்சு அந்நியமாக இருக்காது.

5. கேள்வி பதிலுக்கு ஓடுமுன் ஒரு வேலை கொடுங்கள். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய ஊர்களின் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய திட்டம் இதைத்தான் செய்து பார்த்தது: மனம் ஒரு வேலையில் இருக்கும்போது மொழி தானாக வந்து சேரும் என்பது அதன் நம்பிக்கை. இந்தப் பாடத்துக்கு, குஞ்சு எங்கே, குடும்பம் எங்கே, கடல் எங்கே என்று படம் வரையச் சொல்லுங்கள். வரைய வேண்டுமானால் திரும்பத் திரும்பப் படித்தாக வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வராத பிள்ளைகூடச் சரியான இடத்தில் 'மதர்' என்று எழுதும். அதற்குப் பாராட்டு கொடுங்கள்.

6. பாடத்தைச் சுருக்கி எளிதாக எழுதிக் கொடுக்காதீர்கள். நேரம் போதாவிட்டால் இரண்டு பத்தி மட்டும் நடத்துங்கள், ஓ'ஃப்ளாஹர்ட்டி எழுதியபடியே.

7. அன்றைக்கு யார் எந்த வரியில் நின்றார்கள் என்று மாலையில் புத்தக ஓரத்திலேயே குறித்துவிடுங்கள். என் பழைய புத்தகத்தில் முதல் பக்கத்து ஓரத்தில் ஒரு கோணல் பறவை இருக்கிறது, அடியில் 'ஹி'. மறு வருடத்திலிருந்து பலகையில் முதலில் வரைந்தது அதைத்தான்.