ஆற்றில் இறங்கும் முன்: தாமிரபரணி குளிக்கவும் நீந்தவும் பாதுகாப்பானதா?



பெருநாள் முடிந்த மறுநாளும் கோடை விடுமுறையும் வந்துவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "வாப்பா, ஆத்துக்குப் போவோமா?" சோறு கட்டிக்கொண்டு, வேன் பிடித்து, குடும்பத்தோடு பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று போய்வருவது நம்மிடையே நெடுங்கால வழக்கம். அது கூடாது என்று சொல்ல இந்தப் பாடம் எழுதப்படவில்லை. போன எல்லோரும் திரும்பி வர வேண்டும் என்பதற்காக எழுதப்படுகிறது.

கேள்விக்கு நேரான பதில் இதுதான்: ஆறு முழுவதும் பாதுகாப்பானது என்றோ ஆபத்தானது என்றோ சொல்ல முடியாது. எந்த இடம், எந்த நாள், யார் இறங்குகிறார் என்ற மூன்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆற்றின் தன்மை

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. எனவே திருநெல்வேலியில் வெயில் காயும்போதே மேலே மழை பெய்து ஆறு ஏறலாம். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் இதில்தான் வந்து சேர்கின்றன. பாபநாசம் அணையிலிருந்து மின் உற்பத்திக்கும் பாசனத்திற்கும் தண்ணீர் திறக்கிறார்கள். காலையில் முழங்கால் அளவு இருந்த துறையில் மதியம் இடுப்பளவு ஓடினால் அதில் வியப்பில்லை. தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ, உடனே எல்லோரையும் கரையேற்றுங்கள்.

"சின்ன வயசுலேருந்து குளிச்ச துறைதானே" என்பார்கள். வெள்ளம் வந்து போனபின் ஆற்றின் அடித்தரை பழையபடி இருப்பதில்லை. 2023 டிசம்பர் மழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அப்படிப்பட்ட வெள்ளம் மணலை ஓரிடத்தில் அரித்து வேறிடத்தில் கொட்டிவிடும். மணல் அள்ளிய பள்ளங்களும் உண்டு. இரண்டடி ஆழத்தில் நடப்பவர் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் குழியில் விழலாம்.

இறங்கக் கூடாத இடங்கள்

தாமிரபரணியின் குறுக்கே மருதூர், திருவைகுண்டம் உட்பட 8 அணைக்கட்டுகள் உள்ளன. இவற்றின் மேலும் அடியிலும் குளிக்கக் கூடாது. மேலிருந்து விழும் நீர் அடியில் சுழன்று, விழுந்தவரை மீண்டும் மீண்டும் உள்ளே இழுக்கும். நன்றாக நீந்துபவரும் அதில் தப்புவது கடினம். பாலத்தூண்களின் அடியிலும், மதகுகளின் அருகிலும், பாசி பிடித்த பாறைகளிலும் இறங்காதீர்கள். ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்தெலும்பு முறியும்.

நகரை ஒட்டிய பகுதிகளில் கழிவுநீர் கலப்பதையும் நாம் அறிவோம். அங்கே குளிப்பதைத் தவிருங்கள். உடம்பில் காயம் உள்ளவர்களுக்கு எலிக்காய்ச்சல் தொற்றவும் வாய்ப்புண்டு.

மிதப்பது நீந்துவது ஆகாது

டயர் டியூப், காலி கேன் ஆகியவற்றை நம்பிச் சிறுவர்களை விடுகிறோம். டியூப் நழுவும், காற்று இறங்கும், ஓட்டம் அதை நடு ஆற்றுக்குக் கொண்டு போகும். ஈரமான புடவையும் புர்காவும் காலைச் சுற்றிக்கொண்டு கனக்கும். அவற்றோடு ஆழத்துக்குப் போகக் கூடாது. நீச்சல் என்பது முறையாகக் கற்க வேண்டிய ஒன்று. நீச்சல் கற்பது வீண் விளையாட்டில் சேராது என்ற கருத்தில் இமாம் நஸாயீ ஒரு ஹதீஸைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குரிய ஒழுங்குகளோடு, கற்றுக்கொடுப்போம்.

ஒருவர் மூழ்கினால்

2022 ஜூனில் கடலூர் மாவட்டம் குச்சிப்பாளையம் அருகே கெடிலம் ஆற்றில் சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் இறந்தார்கள். ஆழத்தில் சிக்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று போனதில் நேர்ந்த இழப்பு அது. பாசம்தான் அவர்களை இழுத்தது. எனவே பிள்ளைகளுக்கு இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்: நீரில் பாயாதே, கூச்சலிட்டு ஆளைக் கூப்பிடு, கயிறு, கம்பு, துப்பட்டா, காலி கேன் எது கிடைத்தாலும் கரையில் நின்றபடி வீசு.

108-க்கும், தீயணைப்பு மீட்புத் துறைக்கு 101-க்கும் அழையுங்கள். கரையேற்றியவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னே சாய்த்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். பின்பு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சு கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மூச்சுத்திணறல் பிறகும் வரலாம்.

நம் பொறுப்பு

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அது பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாவுக்கு அல்லாஹ் தந்த ஆறுதல். கவனக்குறைவாக இருந்த நமக்கு அது சாக்கு அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று கற்ற சமுதாயம் நாம். "கத்ர்" என்ற ஒரு சொல்லால் நம் பொறுப்பைக் கழுவிவிட முடியாது. பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

ஆகவே அடுத்த முறை ஆற்றுக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். துறை எப்படி இருக்கிறது, தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று அவ்வூர்க்காரரிடம் கேளுங்கள். வேனில் ஒரு நீளக் கயிறு வையுங்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர், செல்போனைப் பையில் போட்டுவிட்டு, பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு கரையில் நிற்கட்டும். அவர் சாப்பிடப் போனால் பிள்ளைகளும் கரையேறட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.

— செயலாளர்